எந்தத் தெருவில் பிறந்திருந்தாலும்

கருங்காட்டுப்பட்டி
3-6-1934

அண்ணனுக்குத் தங்கை பஞ்சம்மாள் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் முருகம்மாளும் சுகம். மதுரையில் நீங்களும் மதினியும் சுகமா? மதினிக்கு வாந்தி நின்றுவிட்டதா? புளி கேட்டிருந்தார்கள். தெரிந்த முகம் யாராவது மதுரைக்கு வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

சேதி என்னவென்றால், நம் ஊருக்குப் பள்ளிக்கூடம் வரப்போகிறது. சுருளிப்பட்டிக்காரர்களைப் பார்த்து நம் ஆட்களுக்கும் ரோஷம் வந்துவிட்டது. கமிட்டி போட்டு உங்கள் மாப்பிள்ளையைத் தலைவராக்கியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவர் வீட்டில் தண்ணீர் கேட்டால்கூடத் தீர்மானம் வாசிக்கிற மாதிரிதான் கேட்கிறார்.

இன்ஸ்பெக்டர் வந்து இடத்தைப் பார்த்தார். "பள்ளிக்கூடம் எதற்காக, யாருக்காக என்று நாலு வரி எழுதிக் கொடுங்கள். அதைப் பார்த்துத்தான் அங்கீகாரமும் கிராண்டுப் பணமும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நாலு வரிக்காக மூன்று நாள் மந்தையில் கூடினார்கள். மலைச்சாமி, "என்ன எழுதியிருக்குன்னு தெரியாமப் பத்திரத்துல கைநாட்டு வைக்கிற பொழப்பு நம்மளோட ஒழியணும்" என்றார். பூசாரி, "புள்ளைக சாமி பாட்டுப் படிக்கணும்" என்றார். தங்கபாண்டிக்குக் கம்பம் சந்தையில் எடைக்காரன் ஏமாற்றாமல் இருந்தால் போதுமாம். உங்கள் மாப்பிள்ளை, "பக்கத்து ஊருல இருக்கு, நமக்கும் இருக்கணும்" என்றார். உள்ளதைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். கடைசியில், "நம்ம சுருளிவேல் மதுரையில வாத்தியாரா இருக்காக. அவுக எழுதட்டும்" என்று முடித்தார்கள்.

ஆகவே எழுதி அனுப்புங்கள். என் பங்குக்கும் ஒன்று கேட்கிறேன். பெரியகுளத்தில் அத்தை வீட்டில் இருந்த நாலு வருஷப் படிப்பில்தான் எனக்கு இந்தக் கடிதம் எழுத வருகிறது. முருகம்மாளுக்கு ஒன்பது வயது. எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டேன், என்னிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது. அந்த நாலு வரிக்குள் பெண்பிள்ளைகளும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் கடிதத்துக்குக் காத்திருக்கும்
பஞ்சம்மாள்


மதுரை
14-6-1934

தங்கை பஞ்சம்மாளுக்கு அண்ணன் சுருளிவேல் ஆசி கூறி எழுதுவது. நாங்கள் நலம். மாயக்காளுக்கு வாந்தி நிற்கவில்லை. அதனால் என் சமையலைத்தான் இருவரும் சாப்பிடுகிறோம், எனக்கும் வாந்தி வரும்போலிருக்கிறது. மாப்பிள்ளையும் முருகம்மாளும் நலமென்று அறிய ஆவல்.

நாலு வரி எதற்கு? ஒரு வரி போதும். எட்டு நாள் எழுதி எழுதிக் கிழித்துப்போட்டு இதை மிச்சம் வைத்தேன்:

"இவ்வூரில் பிறந்த எல்லாப் பிள்ளைகளும், ஆணாயினும் பெண்ணாயினும், எந்தத் தெருவில் பிறந்திருந்தாலும், ஒரே கூரையின் கீழ் ஒரே பலகையில் அமர்ந்து கற்பதே இப்பள்ளியின் நோக்கம்."

கமிட்டிக்கு வாசித்துக் காட்டு. அதற்கு முன்னால் கீழத்தெரு பொன்னுராஜுக்கு வாசித்துக் காட்டு. அப்பா காட்டில் இருபது வருஷம் ஏர் பிடித்தவன். அவன் மகன் சுருளியாண்டியும் மகள் மலையம்மாளும் நம் முருகம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவதை நான் கண்ணால் பார்க்க வேண்டும்.

வாய்க்கால் மேட்டில் என் பங்குக்கு வந்த நிலத்தைப் பள்ளிக்கூடத்துக்கு எழுதித் தருகிறேன். அடுத்த மாதம் வரும்போது கையெழுத்துப் போடுவேன். இந்த வரியை ஊர் ஒப்புக்கொண்டால் மதுரையை விட்டுவிட்டு நானே தலைமை ஆசிரியராக வந்துவிடுகிறேன் என்று மாப்பிள்ளையிடம் சொல். தலைவர் அவர்கள் அதற்கும் ஒரு தீர்மானம் போடட்டும்.

அன்புடன்
சுருளிவேல்


கருங்காட்டுப்பட்டி
22-7-1934

அண்ணனுக்குக் கும்பிடு. நீங்கள் வந்துபோன பிறகு எல்லாரும் சுகம். மதினியின் உடம்பைப் பற்றி எழுதுங்கள்.

நீங்கள் நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போன மறுநாளே வேலை ஆரம்பித்துவிட்டது. பொன்னுராஜிடம் உங்கள் வரியை வாசித்துக் காட்டினேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டான். அந்த வாரமே கீழத்தெருவே திரண்டு வந்து கல் சுமக்கிறது. வாரத்தில் இரண்டு நாள், கூலி வேண்டாமாம். "எங்க புள்ளைக உக்காரப்போற எடத்துக்கு நாங்க கூலி வாங்கலாமா தாயி?" என்று கேட்டான்.

கமிட்டியில்தான் சண்டை. 'ஒரே பலகை' என்ற இடத்தில் மலைச்சாமி எழுந்துவிட்டார். "சுருளிவேல் மதுரையில இருந்துக்கிட்டு எழுதிப்புட்டாக. இங்கன இருக்கிறது நாம. கீழத்தெரு படிக்கட்டும், வேணாங்கல. தனியாக் கூரை போட்டுப் படிக்கட்டும்" என்றார். பெண்பிள்ளைகள் என்றதும் இன்னும் நாலு பேர் எழுந்தார்கள். பாதிப் பேர் உங்கள் பக்கம், பாதிப் பேர் மலைச்சாமி பக்கம். உங்கள் மாப்பிள்ளை இரண்டு பக்கமும் தலையாட்டிக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

கடைசியில் அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவாகியிருக்கிறது. ஆடி கடைசி வெள்ளி. வெள்ளைப் பூ வந்தால் நீங்கள் எழுதிய வரி அப்படியே. சிவப்பு வந்தால் கீழத்தெரு கிடையாது, பெண்பிள்ளைகளைப் பற்றி அதற்குப் பிறகு பேசுவார்களாம். ஊர்க்காரியம் எந்த வீட்டிலிருந்து கிளம்பியதோ அந்த வீட்டுச் சுமங்கலி விரதமிருந்து இரண்டு பூவையும் இரண்டு இலையில் மடித்து ஒரே மாதிரி கட்ட வேண்டும். சின்னப் பிள்ளை ஒன்று கண்ணை மூடி ஒன்றை எடுக்கும். எடுக்காததைப் பிரிக்கக் கூடாது, வாய்க்காலில் விட்டுவிட வேண்டும். அது உங்களுக்குத் தெரிந்த வழக்கம்தான். தலைவர் வீடு என்பதால் கட்ட வேண்டியது நான்.

இப்படிக்கு
பஞ்சம்மாள்


மதுரை
28-7-1934

தங்கைக்கு ஆசி. இங்கே இருவரும் நலம். அங்குள்ள நலத்துக்கு எழுது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். ஒரு பிள்ளை படிக்கலாமா கூடாதா என்று பூவிடம் போய்க் கேட்பார்களா? பலகையில் உட்காரப்போவது பிள்ளைகள், வலிப்பது மலைச்சாமிக்கு! ஒரு நல்ல காரியத்தைச் செய்யவும் தைரியமில்லை, செய்யமாட்டோம் என்று சொல்லவும் தைரியமில்லை, தெய்வத்தின் தலையில் போட்டுவிட்டுத் துண்டை உதறிக்கொள்வது. நம் ஊர்ப் புத்தி வேறெப்படி இருக்கும்?

ஆனாலும் நான் தடுக்கவில்லை. தடுத்தால், அம்மனுக்குப் பயந்துவிட்டான் என்பார்கள். பாதிக்குப் பாதி வாய்ப்பாவது இருக்கிறது. மந்தையில் கை தூக்கச் சொன்னால் அதுவும் இருக்காது. எனக்கு ஒரே ஆறுதல், கட்டப்போவது நீ. உன் கை கட்டினால் எனக்குப் பயமில்லை. எந்தப் பூ வந்தாலும் அதை நான் ஏற்றுக்கொள்வேன் என்று கமிட்டிக்குச் சொல்.

முடிவை அன்றைக்கே எழுது. தபாலை எதிர்பார்த்திருப்பேன்.

சுருளிவேல்


கருங்காட்டுப்பட்டி
2-9-1934

அண்ணனுக்குக் கும்பிடு. எல்லாரும் சுகம். மதினிக்கு இது ஐந்தாம் மாதம் அல்லவா, மாங்காய் கேட்டால் வாங்கிக் கொடுங்கள், மறுக்காதீர்கள்.

இங்கே இந்த வருஷம் சாரல் நன்றாக இருக்கிறது. வாய்க்கால் நிறையத் தண்ணீர். நடவு முடிந்து களையெடுப்பு நடக்கிறது. கூலிக்கு ஆள் கிடைப்பதுதான் பாடு. சிவலைப் பசு கிடேரிக்கன்று போட்டிருக்கிறது. முதல் நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தது, இப்போது ஓடுகிறது. முருகம்மாள் அதற்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறாள். கிழக்குச் சுவர் மழையில் ஊறிக் கொஞ்சம் சரிந்துவிட்டது, வெயில் வந்ததும் பூச வேண்டும். சுருளி அருவிக்கு ஆடிப்பெருக்குக்குப் போனதில் உங்கள் மாப்பிள்ளைக்குச் சளி பிடித்து இரண்டு வாரம் இருமல். கஷாயம் கொடுத்தேன். இப்போது தேவலை.

பூக்கட்டிப் பார்த்தது நல்லபடியாக நடந்தது. பூசாரி பேத்தி எடுத்தாள். சிவப்பு வந்தது. பெண்பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு மட்டும் கமிட்டியில் எல்லாரும் சம்மதித்துவிட்டார்கள். முருகம்மாளுக்கு இடம் உண்டு.

தாமதத்துக்கு வருத்தப்பட வேண்டாம். களையெடுப்பு நேரம்.

பஞ்சம்மாள்


மதுரை
10-9-1934

தங்கைக்கு ஆசி. நலம். நீங்கள் நலமா?

வெள்ளிக்கிழமை நடந்ததற்கு இருபத்து மூன்று நாள் கழித்து எழுதியிருக்கிறாய். கன்றுக்குட்டிக்கும் சுவருக்கும் ஒரு பக்கம், பள்ளிக்கூடத்துக்கு நாலு வரி. மந்தையில் மூன்று நாள் தேடிய நாலு வரி உனக்கு மட்டும் சுலபமாகக் கிடைத்துவிட்டதே!

சிவப்பு வந்தால் ஏற்றுக்கொள்வேன் என்று சொன்னேன். அதில் மாற்றமில்லை. ஆனால் பெண்பிள்ளைகள் விஷயத்தில் அன்றுவரை எகிறிக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று எப்படி ஒத்துக்கொண்டார்கள்? பொன்னுராஜ் என்ன சொன்னான்? அவனைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பூ கட்டும்போது பக்கத்தில் யார் இருந்தது? எல்லாவற்றையும் விவரமாக எழுது.

இனிமேல் பள்ளிக்கூட விலாசத்துக்குக் கடிதம் போடாதே. உறைமேல் எழுதியிருக்கும் வீட்டு விலாசத்துக்கே போடு.

சுருளிவேல்


கருங்காட்டுப்பட்டி
18-11-1934

அண்ணனுக்குத் தங்கை கும்பிட்டு எழுதுவது. இங்கே சுகம் என்று எழுத வேண்டும், எழுதுகிறேன். மதினியைப் பிரசவத்துக்கு மயிலாடும்பாறையில் அவர்கள் அம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டதாகக் கேள்விப்பட்டேன். நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்கட்டும்.

செப்டம்பரில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று என்று உங்கள் கடிதம் இரண்டும் கிடைத்தன. பதில் எழுத மூன்று தரம் உட்கார்ந்தேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

பக்கத்தில் யாரும் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு ஈரச்சேலையோடு பூவை எடுத்தேன். உங்கள் மாப்பிள்ளை வாசலில் நின்று சொன்னார்: "மலைச்சாமி ஆளுக எறங்கி வந்துட்டாக. கீழத்தெரு இல்லேன்னா பொம்பளப் புள்ளைகளச் சேத்துக்கிறோம்ங்கிறாக. வெள்ள வந்துச்சுன்னா அவுக கமிட்டிய விட்டே போயிருவாக. பள்ளிக்கூடமே நின்னுபோகும். ஒம் மகளும் இல்ல, பொன்னுராஜ் மகளும் இல்ல." "பூவ நீதான கட்டப்போற" என்று சொல்லிவிட்டுத் துண்டைத் தேடிக்கொண்டு வெளியே போய்விட்டார். செய் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாதிப் பழியையாவது அவர் தலையில் போட்டிருப்பேன்.

இரண்டு இலையிலும் செவ்வரளியையே வைத்துக் கட்டினேன். எடுத்துவைத்திருந்த வெள்ளை நந்தியாவட்டையை வீட்டு அம்மன் படத்துக்கு வைத்துவிட்டுப் போனேன். என் நெஞ்சழுத்தத்தைப் பாருங்கள்.

சிவப்பு வந்ததும் பொன்னுராஜ் தலைத்துண்டை எடுத்துவிட்டுக் கோயில் வெளியில் விழுந்து கும்பிட்டான். "ஆத்தா சொல்லிட்டா. இனிப் பேச என்ன இருக்கு" என்றான். மறுநாள் கல் சுமக்க வரமாட்டார்கள் என்று எல்லாரும் நினைத்தோம். வந்தார்கள். கட்டி முடிக்கிறோம் என்று வாக்குக் கொடுத்தார்களாம்.

கூரை ஏறியதும் போன வாரம் கமிட்டி கூடியது. பெண்பிள்ளைகளுக்கு வாத்தியாரம்மா கிடைக்கட்டும், அதுவரை ஆண்பிள்ளைகள் மட்டும் என்று எழுதிவிட்டார்கள். மலைச்சாமி எழுதச் சொன்னார், உங்கள் மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்து, "கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார். அவர் மூஞ்சியில் விழிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. என் மகளுக்காகப் பொன்னுராஜ் பிள்ளைகளின் இடத்தைப் பறித்தேன். என் மகளுக்கும் கிடைக்கவில்லை.

என்னைத் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

பஞ்சம்மாள்


மதுரை
25-11-1934

பஞ்சம்மாளுக்கு,

நலம் விசாரிக்க மனமில்லை.

உன் கை கட்டினால் எனக்குப் பயமில்லை என்று எழுதியவன் நான். அதைப் படித்துவிட்டுத்தானே கட்டினாய்? மலைச்சாமி செய்திருந்தால் ஒரு கெட்ட வார்த்தையோடு போயிருக்கும். நான்கு வருஷம் படித்தவள், படிப்பென்றால் என்னவென்று அந்த ஊரில் தெரிந்த ஒரே பெண்பிள்ளை, நீ செய்தாய். பொன்னுராஜ் விழுந்து கும்பிட்டது அம்மனை அல்ல, உன் பொய்யை.

மன்னிப்பை என்னிடம் கேட்காதே. பொங்கலுக்கு ஊர் கோயிலில் கூடும். அங்கே நின்று, எல்லார் காதிலும் விழும்படி, நீ செய்ததைச் சொல். பொன்னுராஜும் கேட்க வேண்டும். சரியானதைச் செய்ய ஒரு நிமிஷத் துணிச்சல் போதும். அதைச் செய்கிற வரைக்கும் எனக்குத் தங்கை இல்லை.

சுருளிவேல்


கருங்காட்டுப்பட்டி
20-1-1935

அண்ணனுக்குக் கும்பிடு. மதினிக்குப் பெண்குழந்தை பிறந்து தாயும் பிள்ளையும் நலமென்று மயிலாடும்பாறையிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். நீங்கள் சொல்லவில்லை. சந்தோஷம்.

பொங்கலன்று சொல்லிவிட்டேன். பொங்கல் பானை இறக்கி, பூசாரி விபூதி கொடுக்கத் தொடங்கும்போது படியில் ஏறி நின்று சொன்னேன். கடைசி வரிசைவரை கேட்டது. இரண்டிலும் சிவப்புத்தான், கட்டினது நான்தான் என்றேன். உங்கள் மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். அவர் சொன்னதை நான் சொல்லவில்லை. உங்களிடம் மட்டும்தான் சொன்னேன்.

ஊர் கொந்தளிக்கும், மறுபடியும் பூக்கட்டச் சொல்வார்கள் என்று நினைத்தேன். பூசாரி அம்மன் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். பிறகு, "ஆத்தா நெனக்காம ஒங் கை அப்படிக் கட்டுமா தாயி? அவ விருப்பம் செவப்பு. அதான் ஒன்னய அப்படிக் கட்ட வச்சிருக்கா" என்றார். ஊர் முழுக்க "ஆமா, ஆமா" என்றது. மலைச்சாமி தேங்காயை உடைத்தார். அவ்வளவுதான், பொங்கல் சாப்பிடப் போய்விட்டார்கள். குற்றம் எனக்கு, தீர்ப்பு அவர்களுக்கு. அன்றிலிருந்து எந்த வீட்டிலும் எனக்குக் குங்குமம் கொடுப்பதில்லை. கிணற்றில் நான் வாளியை இறக்கினால் மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். உங்கள் மாப்பிள்ளை சாப்பிடுகிறார், பேசுவதில்லை.

பொன்னுராஜ் எல்லாரும் போன பிறகு வந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். "இதச் சொல்லாமலே இருந்திருக்கலாம் தாயி. ஆத்தாதான் வேணாம்னுட்டாளேன்னு மனசு ஆறிக் கெடந்துச்சு. இப்ப மனுசங்கதான்னு ஆயிப்போச்சு" என்றான். அண்ணா, நீங்கள் சொன்னபடி செய்தேன். செய்து அவனிடம் மிச்சமிருந்ததையும் பிடுங்கிக்கொண்டேன்.

இன்னொரு கூத்தும் கேளுங்கள். முந்தாநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். கமிட்டி எழுதிய நோக்கத்தைப் படித்துவிட்டு, தெருவைப் பிரித்து எழுதினால் கிராண்ட் கிடையாது என்றார். உடனே மலைச்சாமியே பெட்டியைத் திறந்து நீங்கள் அனுப்பிய காகிதத்தை எடுத்தார். ஒரு எழுத்து மாற்றாமல் பிரதி எடுத்துக் கொடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் இரண்டு தரம் படித்து, இந்த ஜில்லாவில் இவ்வளவு நல்ல வாசகத்தைப் பார்த்ததில்லை என்றாராம். அதைப் பலகையில் பெரிதாக எழுதி வாசலுக்கு மேலே மாட்டப்போகிறார்கள். பெண்பிள்ளைகளும் கீழத்தெருவும் பலகையில் மட்டும் இருக்கலாம், உள்ளே கிடையாது.

தலைமை ஆசிரியருக்கு ஆள் தேடுகிறார்கள். உங்களைக் கேட்கலாமா என்றார்கள். என் அண்ணன் இந்த வாசலை மிதிக்கமாட்டார் என்று நானே சொல்லிவிட்டேன்.

இப்போதாவது தங்கை என்று எழுதுவீர்களா?

பஞ்சம்மாள்


மதுரை
7-4-1935

தங்கை பஞ்சம்மாளுக்கு அண்ணன் ஆசி. நான் சுகம். குழந்தையைப் போய்ப் பார்த்துவந்தேன். மாயக்காள் ஜாடை.

உன் கடிதத்துக்குப் பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் உண்டு. போன வருஷம் ஆடியில், நீ பூக்கட்டுவதற்கு முன்பே, இங்கே வேலையை ராஜினாமாச் செய்துவிட்டேன். வெள்ளைதான் வரும் என்று அவ்வளவு நம்பிக்கை. ஆகஸ்டு மாதத்திலிருந்து வேலை இல்லை. திரும்பக் கேட்டுப் போனேன், இடம் நிரம்பிவிட்டது. வேறு நாலு பள்ளிக்கூடத்தில் கேட்டாயிற்று. மாயக்காளுக்கு இன்னும் தெரியாது. நீ மன்னிப்புக் கேட்டு எழுதியபோதும் எனக்கு வேலையில்லை. உனக்கு உபதேசம் செய்து எழுதினேனே, அன்றைக்கும் இல்லை.

போன மாதம் மாப்பிள்ளை கேட்டு எழுதியிருந்தார். வருகிறேன் என்று எழுதிவிட்டேன்.

நீ என்ன நினைப்பாய் என்று தெரியும். வெளியே நின்று கத்துவதைவிட உள்ளே இருந்தால் மெல்ல மெல்ல மாற்றலாம். முதல் வருஷம் பெண்பிள்ளைகள், அடுத்த வருஷம் மற்றது. பலகையில் இருப்பது என் வரிதானே? அதைக் காட்டியே வாதாடலாம். யோசித்துப் பார்த்தால் நீயும் ஒத்துக்கொள்வாய்.

மாயக்காள் ஆவணியில்தான் வருவாள். அதுவரை பள்ளிக்கூடத்தை ஒட்டிய அறையில் தங்கிக்கொள்கிறேன். சாப்பாட்டுக்கு மட்டும் உன் வீடு.

அன்புள்ள அண்ணன்
சுருளிவேல்


கருங்காட்டுப்பட்டி
16-4-1935

அண்ணனுக்குத் தங்கை கும்பிட்டு எழுதுவது. சுகம். உங்கள் சுகத்தையும் மதினி, குழந்தை சுகத்தையும் அம்மனிடம் கேட்கிறேன். அவள் என் பேச்சைக் கேட்பாளோ என்னவோ.

அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. சாப்பாடு மூன்று வேளையும் வரும். அண்ணனுக்குச் சோறு போடாத தங்கை என்று யாரும் சொல்ல விடமாட்டேன்.

வேலை போனதற்கு உங்களை நான் குறை சொல்லவில்லை. பிள்ளை பிறந்த வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் என்னைப் படியேறி நிற்கச் சொன்னபோது என் அடுப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஒரு நிமிஷத் துணிச்சல் போதும் என்றீர்கள். அந்த ஒரு நிமிஷத்துக்காக மூன்று மாதமாக இந்த ஊரில் நான் தனியாகத் தண்ணீர் இறைக்கிறேன்.

அதனால் உங்களிடம் அதே ஒரு நிமிஷத்தைக் கேட்கிறேன். முதல் நாள் பலகைக்குக் கீழே நின்று பெயர் வாசிப்பீர்கள். அப்போது பொன்னுராஜின் இரண்டு பிள்ளைகளின் பெயரையும் வாசியுங்கள். தலைமை ஆசிரியர் வாயால் ஊரறிய வாசித்துவிட்டால், இன்ஸ்பெக்டருக்குப் பயந்தாவது விட்டுவிடுவார்கள். விடாமலும் போகலாம், உங்கள் வேலை போகலாம், எனக்குத் தெரியும். முருகம்மாள் பெயரை வாசிக்காவிட்டாலும் பரவாயில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு நான் பட்ட கடன் அது.

முதல் நாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி பொன்னுராஜிடம் சொல்லிவிட்டேன். முதலில் சிரித்தான். சுருளிவேல் அண்ணன்தான் வாத்தியார் என்றதும், "அப்படின்னா வாரேன் தாயி" என்றான்.

நீங்கள் வாசித்த பிறகு நானே பரிமாற வருகிறேன். அதுவரை முருகம்மாள் கொண்டுவருவாள்.

பஞ்சம்மாள்


கருங்காட்டுப்பட்டி, பள்ளிக்கூடம்
12-6-1935

தங்கை பஞ்சம்மாளுக்கு அண்ணன் எழுதுவது. நான் சுகம். நீ சுகமாக இருப்பதாக முருகம்மாள் சொன்னாள். சோறும் குழம்பும் நன்றாக இருக்கின்றன. இரண்டு தெரு தாண்டியிருக்கும் உனக்குத் தபாலில் எழுத முடியாமல் முருகம்மாளிடம் கொடுத்தனுப்புகிறேன். நேரில் வரக் கால் எழவில்லை.

யாராவது சொல்லி உனக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் நான் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை காலை கமிட்டி முழுக்க வந்திருந்தது. எனக்கு மாலை போட்டார்கள். பலகையில் இருப்பதை மலைச்சாமி என்னையே வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கை தட்டினார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் பொன்னுராஜ் நின்றான். பிள்ளைகள் இரண்டுக்கும் எண்ணெய் தேய்த்துத் தலை வாரியிருந்தது, ஆளுக்கொரு புதுச் சிலேட்டு. 'எந்தத் தெருவில் பிறந்திருந்தாலும்' என்ற இடம் வந்தபோது அவன் மகளைக் குனிந்து பார்த்து ஏதோ சொன்னான்.

பிறகு ரிஜிஸ்தரைத் திறந்தேன். முந்திய நாளே எல்லாப் பெயரையும் எழுதிவைத்திருந்தேன். முப்பத்தோரு பெயர், அதற்குக் கீழே சுருளியாண்டி, மலையம்மாள், முருகம்மாள். என் கையெழுத்துத்தான். முப்பத்தோரு பெயரை வாசித்தேன். மாப்பிள்ளை பக்கத்தில் நின்றார். என்னைப் பார்க்கக்கூட இல்லை. மாயக்காளையும் குழந்தையையும் நினைத்தேன். நாளைக்கு வாசிக்கலாம் என்று நினைத்தேன். ரிஜிஸ்தரை மூடிவிட்டேன்.

பொன்னுராஜ் போகவில்லை. மத்தியானம் மணி அடிக்கும்வரை வெயிலில் நின்றான். பிள்ளைகள் சாப்பிடப் போன பிறகு வேலியோரம் வந்து, "களத்துல வேலை கெடக்கு சாமி. நாளைக்குக் கூட்டியாரவா?" என்று கேட்டான். அவன் என்னை இதுவரை சாமி என்று கூப்பிட்டதில்லை, தம்பி என்றுதான் கூப்பிடுவான். நான், "சொல்லி அனுப்புறேன்" என்றேன்.

நேற்றும் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். இன்றைக்கு வரவில்லை.

உன்னைத் தங்கை இல்லை என்று எழுதினேன். நீ கோயில் படியில் ஏறி ஊர் கேட்கச் சொன்னாய். நான் கதவைச் சாத்திக்கொண்டு உனக்கு மட்டும் எழுதுகிறேன். படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு, மாப்பிள்ளை கையில் கிடைக்க வேண்டாம்.

இப்படிக்கு
சுருளிவேல்
தலைமை ஆசிரியர்